மெலிந்தவளுக்குக் கைதட்டினோம்

நீரிழிவுக்காரர் வருகிற சீனிக் கிளினிக்கில் புதிதாகப் போடப்பட்டிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வேலைக்கு வந்த புதிதில் கண்ணாடி ஊசிகளைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தோம் என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பீர்கள். எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பது ஒரு பயம். முப்பத்து நாலு வருடம் தாதியாக இருந்தேன், அதில் கடைசிப் பதினொரு வருடம் கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சீனிக் கிளினிக்கில். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் நல்லவர்கள், பிழை என்னுடையது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் விழாவாக்கிவிடுவேன். கிளினிக் நாளில் நூறு பேர் வரை நீள வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எடை பார்க்கும் தராசு எல்லோருக்கும் முன்னால் இருந்தது. ஒருவருக்கு ஒரு கிலோ குறைந்திருந்தால் நான் சத்தமாக அறிவிப்பேன், எல்லோரும் கைதட்டுவார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பேதமில்லாமல் தட்டுவார்கள். அக்குறணையிலிருந்து வரும் முதலாளி ஒருவர் அரைக் கிலோவுக்காகக் கைக்கடிகாரம், பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் கழற்றி மனைவியின் மடியில் வைத்துவிட்டுத் தராசில் ஏறுவார். "சட்டையையும் கழட்டிறவா மிஸ்ஸி?" என்று ஒருநாள் கேட்டார். கிளினிக்கே சிரித்தது. டொக்டர்மாருக்கும் என் கூத்து பிடித்திருந்தது. சீனி வருத்தக்காரர் எடை குறைத்தால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், வயிற்றுக் கொழுப்புத்தான் எதிரி என்று சுவரில் படம்கூட ஒட்டியிருந்தோம்.

அந்த வாங்குக்குத்தான் பரமேஸ்வரி வந்தாள். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை. நாற்பத்தொரு வயது. முதல் நாள் தராசு எண்பத்திரண்டு காட்டியது. "மெசின் பழுது மிஸ்ஸி, எனக்கு முன்னால ஏறுன ஐயாவோட எடையும் சேந்து காட்டுது" என்றாள். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நீரிழிவு என்றும், கீழே மாத்திரையின் பெயரும் எழுதியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதது இது. அதற்கு முந்தைய வருடம் பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி வழியை அடைத்து, அவளுடைய சதையி வீங்கி அழன்றுபோயிருந்தது. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற உறுப்பு அது, கணையம் என்றும் எழுதுவார்கள். மூன்று கிழமை வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறாள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த நோய் அட்டையில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்துச் சனங்கள் அப்படியான காகிதத்தைக் கையில் கொண்டு திரியமாட்டார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், கல்யாணப் பதிவு, சேமலாப நிதிக் காகிதம் இவற்றோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டிவைப்பார்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். "முன்னால ஏதும் பெரிய வருத்தம் வந்ததா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. நூறு பேர் காத்திருந்தார்கள்.

மூன்றாம் மாதம் எழுபத்தேழு. கைதட்டினோம். ஐந்தாம் மாதம் எழுபத்தொன்று. அன்றைக்கு அவளைத் தராசிலிருந்து இறங்கவிடாமல் நிறுத்தி, "எப்படிக் கொறைச்சீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றேன். அவள் வெட்கப்பட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சோத்த கொறைச்சேன். ராத்திரில ஒரு ரொட்டிதான். காலைல நடக்குறேன்" என்றாள். யாரோ அதைத் தொலைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். தோட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறது. அடுத்த மாதம் அவளுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் புதிதாகக் கிளினிக்குக்கு வந்து, "பரமேசக்கா மாதிரி எங்களையும் மெலிய வைங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எடை இறங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவளுடைய சீனி இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு ஒரு டொக்டர் மாறுவார், மாத்திரையைக் கூட்டுவார், அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். நான் அந்த இலக்கங்களை என் கையால் கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டு, "கள்ளத்தனமா இனிப்பு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவள் முகம் செத்துப்போனது. "இல்லீங்க மிஸ்ஸி" என்றாள். நான் நம்பவில்லை. கிளினிக்கே கைதட்டிய பெண்ணிடம் நான் அதைக் கேட்டபிறகு, அவள் தாகத்தைப் பற்றியோ வயிற்றைப் பற்றியோ என்னிடம் வாய் திறப்பாளா? நான் புகழ்ந்தும் வாயை அடைத்தேன், சந்தேகப்பட்டும் அடைத்தேன்.

பிள்ளைகளே, எடையும் சீனியும் சேர்ந்து இறங்கினால் சந்தோஷப்படுங்கள். எடை இறங்க இறங்கச் சீனி ஏறினால் பயப்படுங்கள். இதை எனக்குச் சொல்ல எந்த டொக்டரும் வரவில்லை, கக்கூசு கழுவுகிற அக்காதான் வந்தார்.

எட்டாவது மாதக் கிளினிக் நாள். பதினொரு மணி இருக்கும். எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த அக்கா வாளியோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"மிஸ்ஸி, ஒண்ணு சொல்லணும். ஏசாதீங்க."

"சொல்லுங்க, சுருக்கா."

"இன்னிக்கு கக்கூசு சுத்தமா இருக்கு. அந்தப் புள்ளக்காம்பரா பொம்பள வரலயா?"

எனக்குக் கோபம் வந்தது. "என்ன கதை இது? நோயாளிய பத்தி இப்படித்தான் பேசுறதா?" என்றேன்.

அவர் நகரவில்லை. "அந்தப் புள்ள வந்துட்டுப் போனா எண்ணெயா மெதக்கும் மிஸ்ஸி. மூணு வாளி ஊத்துனாலும் போகாது, சட்டியில ஒட்டுன கொழுப்பு மாதிரி. அஞ்சாறு மாசமா பாக்குறேன். போன மாசம் அந்தப் புள்ள செவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வந்துச்சு. கேட்டா, மிஸ்ஸிகிட்ட சொல்லாதீங்கன்னு கையப் புடிச்சுக்கிச்சு. நானும் சொல்லல. இன்னிக்கு ஆளே காணலன்னதும் எனக்கு மனசு கேக்கல."

நான் அவரை அனுப்பிவிட்டுப் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தேன். பரமேஸ்வரி வரவில்லை. ஏழு மாதமாக ஒருமுறைகூடத் தவறாதவள். அலுமாரியிலிருந்து அவளுடைய கிளினிக் அட்டையை எடுத்தேன். எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, எழுபத்தேழு, எழுபத்து நாலு, எழுபத்தொன்று, அறுபத்தெட்டு. கடைசியாக அறுபத்தொன்று. ஒரே மாதத்தில் ஏழு கிலோ. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு சின்னச் சிரித்த முகம் போட்டிருந்தேன். பக்கத்து நிரலில் சீனி நூற்றுத் தொண்ணூறிலிருந்து முந்நூற்றைத் தாண்டியிருந்தது. சாப்பிட்ட கொழுப்பு எண்ணெயாக வெளியே போகிறது, உடம்பிலிருந்த கொழுப்பும் உருகிப் போகிறது, சீனி ஏறுகிறது. ஏழு மாதமாக என் கண்ணுக்கு முன்னால் ஒரு பெண் கரைந்துகொண்டிருக்க, நான் கைதட்டியிருக்கிறேன்.

அட்டையிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாவது முறை அவளுடைய கணவர் எடுத்தார். மாநகர சபையில் வீதி வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"காய்ச்சலுங்க மிஸ்ஸி. நாலு நாளா தடுமல். நேத்திலருந்து வாந்தி. நாளைக்கி கூட்டிட்டு வர்றோம், இன்னிக்கி மழையா இருக்கு."

"மூச்சு எப்படி விடுறாங்க?"

"மூச்சு... ஓடியாந்தவ மாதிரி வாங்குது. படுத்துத்தான் கெடக்கா, ஆனா ஓடியாந்தவ மாதிரி."

"நாளைக்கில்ல, இப்பவே" என்றேன். அம்புலன்சுக்குச் சொன்னேன், நோயாளர் வாட்டுக்குச் சொன்னேன். பிறகு சகதாதியிடம் கிளினிக்கை ஒப்படைத்துவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்து மேலே போனேன். கிளினிக்கை விட்டுப் போவது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள், சரியில்லை. ஆனால் அம்புலன்ஸ் லயம் வரை இறங்காது என்பதும், அந்த மனிதர் மழை விடட்டும் என்று காத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஹந்தானைப் பாதை வளைந்து வளைந்து ஏறும். பகல் பன்னிரண்டு மணிக்கு முன்விளக்குப் போட்டுப் போகுமளவு பனி. ஆட்டோக்காரர் மெதுவாகத்தான் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நடுக்கம் முழுவதும் அவளுக்காக இல்லை. அவள் செத்துப்போனால் அந்த அட்டையை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், அந்தச் சிரித்த முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அட்டையைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். ஒரு வளைவில் அதைக் கிழித்துத் தேயிலைக்குள் எறியலாம் என்றுகூடத் தோன்றியது. எறியவில்லை. ஆனால் தோன்றியது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் தோன்றும்.

லயத்து அறைக்குள் நுழைந்ததும் மணம் அடித்தது. அளவுக்கு மிஞ்சிப் பழுத்த பழத்தின் மணம், கூடவே நகப்பூச்சு கழுவுகிற திரவத்தின் நெடி. உடம்பு சீனியைப் பாவிக்க வழியில்லாமல் கொழுப்பை எரித்து எரித்து இரத்தத்தைப் புளிக்கவைத்துவிட்டது. பரமேஸ்வரி பாயில் கிடந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, நெஞ்சு மேலும் கீழும் தூக்கித் தூக்கிப் போட்டது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"கிளினிக்கு வர முடியல மிஸ்ஸி. கோவிச்சுக்காதீங்க."

பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் கணவரும் அவளை ஒரு கதிரையில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, வழுக்குகிற படிகளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் முன்னால் நடந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தலை தொங்குகிறதா, நெஞ்சு அசைகிறதா என்று. அம்புலன்ஸ் மேல் பாதையில் நின்றது. கதவு மூடுகிற நேரம் கணவர் மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் மடியில் போட்டார். எந்தக் காகிதம் தேவைப்படும் என்று தெரியாமல் அலுமாரியிலிருந்த எல்லாவற்றையும் அள்ளி வந்திருந்தார். கண்டிக்கு இறங்குகிற வழியில் நான் அந்த நோய் அட்டையை முதன்முறையாக வாசித்தேன். சதையி அழற்சி, கடுமையானது, பகுதி அழிவு. எல்லாம் எழுதியிருந்தது, திகதியோடு.

வாட்டில் அன்றைக்குப் பொறுப்பாயிருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர், என் மகன் வயது. இன்சுலினும் சேலைனும் ஏற்றிவிட்டு, என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை, விளங்கப்படுத்தினார்.

"சதையி ஒருக்கா அவிஞ்சு போனாப் பிறகு சீனி ரெண்டு விதமா வரும் மிஸ். சில பேருக்கு வயித்துக் கொழுப்புக் கூடி, சதையிக்குள்ளயும் கொழுப்புப் படிஞ்சு, இன்சுலின் இருந்தும் வேலை செய்யாது. அவை மெலிஞ்சா நல்லது. இவவுக்கு அப்பிடி இல்லை. சதையியே செத்துப்போச்சு. இன்சுலினும் இல்லை, கொழுப்பைச் செமிக்கப் பண்ணுற நீரும் இல்லை. ரெண்டு பேருக்கும் கிளினிக் கொப்பியில ஒரே சொல்லைத்தான் எழுதி வைக்கிறம். எடை குறையிறதை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?"

"நான் கவனிச்சேன் டொக்டர்" என்றேன். "கைதட்டினேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கிளினிக் அட்டையை வாங்கி, அந்தச் சிரித்த முகத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இரண்டு நாள் நிச்சயமில்லாமல் கழிந்தது. சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் வாட்டு வாசலில் போய் நிற்பேன். உள்ளே போகப் பயம். கட்டில் காலியாக இருந்தால் என்ன செய்வது? மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன், அவள் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன்.

இத்தோடு கதையை முடித்தால் எனக்கும் சுகம், உங்களுக்கும் சுகம். ஆனால் நான் சொல்ல வந்த பயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகிற நாளில் சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய செமிபாட்டு மாத்திரைகளும் இன்சுலினும் கொடுத்தார்கள். ஊசி போடப் பழக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். டொக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். இன்சுலினை விடக்கூடாது என்பது ஒன்று. "மற்றது, இவவுக்கு சீனி விழுந்தா அதைத் தூக்கி நிமித்துற சுரப்பும் சதையியோட போயிட்டுது. மற்றவைக்கு உடம்பு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், இவவுக்குப் பிடிக்காது. விழுந்தா விழுந்ததுதான். ஊசி போட்டா சாப்பிட வேணும், அதைச் சொல்லிக் குடுங்கோ" என்றார். இரண்டையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

இரண்டையும் அவளிடம் சொன்னேன் என்று எவரிடமும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதுதான் கேள்வி. இரண்டாவதை ஒருமுறை, போகிற போக்கில் சொன்னேன். முதலாவதை அவள் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, பத்து முறை சொன்னேன். "தல போனாலும் ஊசிய விடக்கூடாது. மழையோ வெயிலோ, கல்யாணமோ சாவோ, காலையில ஊசி ஏறியே ஆகணும். விட்டீங்கன்னா மறுபடி அந்தப் பாயில கெடப்பீங்க." அவள் குழந்தை மாதிரித் தலையாட்டினாள். நான் கண்ணால் கண்டதற்குப் பயந்தேன். காணாததற்குப் பயப்பட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதக் கிளினிக் வந்தது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாள். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள், பையில் பாணும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் இருக்கும், இரத்தம் கொடுத்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். அந்த விஷயத்தில் நான் பொல்லாதவள். ஒரு மிடறு பிளேன்டீ குடித்ததாகத் தெரிந்தாலும் வரிசை இலக்கத் துண்டைப் பறித்துக்கொண்டு அடுத்த மாதம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ஆய்வுகூடத்தில் மின்சாரம் நின்று, இரத்தம் எடுக்கத் தொடங்க ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. சனம் முனகியது. நான், "கொஞ்சம் பொறுங்க, உயிர் போயிராது" என்று அதட்டினேன். இதை நான் சொன்னேன்.

பத்து மணிக்கு மூன்றாவது வாங்கைக் கடந்தபோது பரமேஸ்வரியைக் கண்டேன். எடை கொஞ்சம் ஏறிக் கன்னம் தெளிந்திருந்தது. சிரிக்கப்போனேன். அவள் நெற்றி முழுக்க வியர்வை. நாங்களெல்லாம் ஸ்வெட்டர் போட்டிருந்த காலை அது.

"பரமேஸ்வரி, என்ன செய்யுது?"

அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைத்தான் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. "பால் கரைக்கணும்... புள்ளைங்க அழுவுது" என்றாள். அப்படியே பக்கத்திலிருந்த ஆளின் தோளில் சரிந்து, அங்கிருந்து தரைக்கு வழுக்கினாள்.

விரலில் குத்திப் பார்த்தோம். இருபத்தெட்டு. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பல் கிட்டிப்போய் வாயில் எதுவும் ஊற்ற முடியவில்லை. முப்பது வருடம் ஊசி ஏற்றிய எனக்கு நரம்பு இரண்டு முறை தப்பியது. சகதாதி என்னைத் தள்ளிவிட்டு ஊசியை ஏற்றினாள். குளுக்கோஸ் உள்ளே போனது. பார்த்தோம், ஐம்பத்தாறு. மூச்சு விட்டேன். கண் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தோம், முப்பத்து நாலு. விழுந்தா விழுந்ததுதான் என்று டொக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே கேட்டது. ஏற்றிய சீனியைக் காலையில் போட்ட இன்சுலின் விழுங்கிக்கொண்டிருந்தது, தாங்கிப்பிடிக்க அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. மறுபடி ஏற்றினோம், சேலைன் போத்தலோடு தொடர்ந்து ஓடவிட்டோம். வாங்குகளில் இருந்த நூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. நான் தரையில் முழங்காலில் இருந்து அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இந்த முறை போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். இந்த முறை நான்தான் கொன்றேன் என்றும் நினைத்தேன்.

அவள் கண் திறக்கக் கால் மணித்தியாலம் ஆனது. முதலில் என்னை அடையாளம் கண்டாள், பிறகு எல்லோரும் நிற்பதைக் கண்டு முந்தானையைச் சரிசெய்தாள். கட்டிலில் கிடத்திய பிறகு அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். பாணும் சம்பலும் பொதி அவிழ்க்காமல் இருந்தன. பிளாஸ்க் நிறையச் சீனி போட்ட தேத்தண்ணி. இன்சுலினோடு நான் கொடுத்தனுப்பிய குளுக்கோஸ் பொட்டலமும் வாய் கிழிக்காமல் இருந்தது. கையெட்டும் தூரத்தில் இத்தனையும் வைத்துக்கொண்டு அவள் வியர்த்து வியர்த்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஊசி போட்டீங்களா காலையில?"

"அஞ்சரைக்கே போட்டுட்டேன்."

"பையில தேத்தண்ணி இருக்கு. குளுக்கோஸ் இருக்கு. நடுங்குறது தெரிஞ்சிருக்குமே. ஏம்மா ஒரு வாய் குடிக்கல?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். களைத்த சிரிப்புத்தான், ஆனால் அதில் ஒரு பெருமை இருந்தது. சொன்னபடி கேட்கிற பிள்ளை வாத்தியாரிடம் கொப்பியைக் காட்டுகிற பெருமை.

"தல போனாலும் ஊசிய விடக்கூடாதுன்னீங்க. ரத்தம் எடுக்காம வாயில ஒண்ணும் படக்கூடாதுன்னும் சொல்லியிருக்கீங்க. ரெண்டையும் செஞ்சேன் மிஸ்ஸி."